நகராத கப்பல்கள்

2024 மார்ச் 26. பின்னிரவு 1.30 மணி வாக்கில், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'டாலி' சரக்குக் கப்பலில் விளக்குகள் அணைந்தன. மின்சாரத்தோடு கட்டுப்பாடும் போயிற்று. கப்பல் மோதியதில் பாலம் சரிந்தது. அதன் மேல் வேலையிலிருந்த 6 தொழிலாளர்கள் பலியானார்கள். மாலுமிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். மின்சாரம் போனதற்கான மூல காரணத்தை விசாரணை வாரியம் 2025 நவம்பரில் அறிவித்தது: சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்த ஓர் ஒயர்.

ஊரில் ஒரு மின் நிலையம் படுத்துக்கொண்டால் பக்கத்து மாநிலம் கைகொடுக்கும். நடுக்கடலில் கப்பலுக்கு அக்கம்பக்கம் கிடையாது. லட்சத்தீவுக்கும் அதே கதிதான். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கும் அந்தத் தீவுகள், தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே தயாரித்தாக வேண்டும். அதற்கான டீசலும் கப்பலில்தான் வருகிறது. மின் பொறியாளரின் கண்ணில் தீவு என்பது நகராத கப்பல்.

இரண்டுக்கும் சிக்கல் ஒன்றே. ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினாலே மொத்த மின்சாரமும் தள்ளாடும். கப்பல்களிடம் இதற்கு இரண்டு பழைய வைத்தியங்கள் உண்டு. சுமை ஏற ஏற ஒவ்வொரு ஜெனரேட்டரும் வேகத்தைச் சற்றே தளர்த்தும்படி அமைத்துவிட்டால், யாரும் உத்தரவிடாமலே சுமை பங்காகிவிடும். அப்படியும் தாங்காவிட்டால் குளிர்சாதனம், சமையலறை போன்றவற்றின் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். சுக்கானுக்குப் போகும் மின்சாரம் கடைசிவரை காக்கப்படும். தீவுகளுக்கும் ஒதுக்குப்புற கிராமங்களுக்கும் அமைக்கப்படும் 'மைக்ரோ கிரிட்' என்ற சிறு மின் தொகுப்புகள் பின்பற்றுவதும் இதே வழிகளைத்தான்.

சூரியத் தகடும் பேட்டரியும் இப்போது இரு பக்கமும் சேர்ந்துவிட்டன. கேரளத்தில் வைக்கம்-தவணக்கடவு இடையே 75 பேரை ஏற்றிச் செல்லும் 'ஆதித்யா' படகு 2017 முதல் இவற்றைக் கொண்டு ஓடுகிறது. லட்சத்தீவின் கவரத்தியில் பேட்டரியுடன் கூடிய சூரிய மின் திட்டம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. மேகம் மறைத்தால் நொடியில் பேட்டரி தோள் கொடுக்கும்.

இந்த உறவு புதிதல்ல. எடிசனின் விளக்குகள் 1880-லேயே 'கொலம்பியா' கப்பலில் எரிந்தன. நியூயார்க்கில் அவரது பேர்ல் தெரு மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1882-ல்தான்.

ஆனால் கப்பலிடமிருந்து கரை இன்னும் முழுதாகக் கற்காத பாடம் ஒன்று உண்டு: ஆள். கப்பலில் எந்த நேரமும் மின்சாரத்துக்குப் பொறுப்பாக ஒருவர் இருப்பார். பீகாரின் தர்னை கிராமத்தில் 2014-ல் ஆரவாரத்தோடு தொடங்கிய 100 கிலோவாட் சூரிய மைக்ரோ கிரிட்டின் பேட்டரிகள் சில ஆண்டுகளில் ஓய்ந்தன. பராமரிப்பின்றி மின் நிலையம் மாட்டுக் கொட்டகையானது.

காவலுக்கு ஆள் இருந்தும் டாலியில் ஓர் ஒயர் கண்ணுக்குத் தப்பியது. காவலே இல்லாத கிராமத்தில் எத்தனை ஒயர்கள் தப்பும்? திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் கவனத்தில் பாதியையாவது மறுநாள் காலைக்கும் ஒதுக்கினால், நகராத கப்பல்கள் மூழ்காமலிருக்கும்.