பாட்டியின் பேர்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதியிற் காணாத ஒரு பொருள் வழங்கி வருகின்றது. விடியற்காலையிற் பிரட்டுக் களத்துக்குச் சென்று, மலையில் நிரை பிடித்து, குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவளுக்குச் செக்ரோலில் ஒரு முழுப் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான். பெயர் என்பது ஒருவரை மற்றவரினின்றும் பிரித்தறிவதற்காக ஏற்பட்டது. அதுவே கூலியை அளக்கும் கோலாகவும், பாதியாக வெட்டத் தக்கதாகவும் ஆகிவிட்ட விந்தையை மலைநாட்டிலேதான் காண்கிறோம்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தமிழகத்து ராப் பாடகர் அறிவு வெளியிட்ட இசைத்தொகுதியைப் பற்றிப் பேசப் புகும்போது இவ்வழக்கு நினைவுக்கு வருவதற்குக் காரணம் அத்தொகுதியின் தலைப்பே. 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டு, முதலாவது தொகுதி என்று எண்ணும் இட்டிருக்கிறார். பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இங்கே ஒரு பேரன் பாட்டியின் பெயரைத் தாங்கி வருகிறான். அப்பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். ஆதலால், சென்னையில் வெளியான இத்தொகுதி பதுளைக்கும் பசறைக்கும் அப்புத்தளைக்கும் உறவுடைய செய்தியாகிவிடுகின்றது.

ராப் என்னும் இசைமுறையை நம்மவரிற் பலர் வெறும் கூச்சல் என்று ஒதுக்கிவிடுவர். அது சரியன்று. தாளத்துக்கு இசைய, எதுகையும் மோனையும் இடைவிடாது வர, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவிலே நின்று சொல்லும் முறை அது. 1973ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலே கறுப்பின இளைஞர்களின் கொண்டாட்டங்களில் முளைத்த இசைப் பண்பாட்டின் ஒரு கிளை. எதிரெதிரே நின்று இருவர் சொல்லால் மோதிக்கொள்ளும் போட்டியும் அதில் உண்டு. காமன் பண்டிகையின்போது எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய லாவணி பாடிய மரபை அறிந்த தமிழனுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. தமிழில் இம்முறை வலுவாக வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது மலேசியா. யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' என்ற தொகுதி கடல் கடந்தும் கேட்கப்பட்டது. அதுவும் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் கூலிகளாகச் சென்ற நாடு என்பது கவனிக்கத்தக்கது.

அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர்; பொறியியல் பயின்றவர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி 2018 ஜனவரியிற் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் மூலம் வெளிச்சத்துக்கு வந்தார். 2019இல் ஓஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுதியை வெளியிட்டார். சாதியின் கொடுமையைச் சுற்றி வளைக்காமற் சொல்வது அவர் பாணி.

அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை ஊவாவின் எந்த லயத்துக்கும் புதிதன்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே பதுளைத் தொகுதி, இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் தோட்டத்து மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. செக்ரோலிலே பேர் இருந்தது. இடாப்பிலே பெயர் இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதிலே கணக்கு முடிக்கப்பட்டது. 1974இல் எஞ்சியவரையும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். சம்பந்தப்பட்ட மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மகளை ஏற்றிவிட்டு நின்ற தாயும், அண்ணனை ஏற்றிவிட்டு நின்ற தங்கையும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையிலிருந்து பிறந்த பெயர் அது. இழவு வீட்டிலே பாடப்படும் ஒப்பாரியை உயிரோடிருப்பவருக்காகப் பாட நேர்ந்த துயரத்தை இரண்டே சொற்களிற் கூறிவிட்டனர், எழுத்தறியாதவர் என்று எண்ணப்பட்ட அம்மக்கள். கடலுக்கு அப்பால் மண்டபம் முகாமும், அதன் பின்னர் நீலகிரி முதலிய இடங்களிலே மீண்டும் கூலி வேலையும் அவர்களுட் பலருக்காகக் காத்திருந்தன. ஈழத்திலே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவன் அங்கே 'சிலோன்காரன்' ஆனான்.

பாட்டி சொன்ன இந்தக் கதைகளையும், அவருடைய தலைமுறையின் ஒப்பாரியையும் கருவாகக் கொண்டு அறிவு எழுதிய பாட்டுத்தான் 2021 மார்ச் மாதம் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் தயாரித்த இசையில் தீயும் அறிவும் பாடினர். இணையத்திற் பல கோடி முறை கேட்கப்பட்டு, தமிழ் தெரியாத நாட்டவரையும் ஆடவைத்தது அது. அதே மார்ச் மாதத்திலேதான் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வெளியானது. அதற்கு ஈடாகச் சில தோட்டங்கள் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையை உயர்த்தி, எட்டாதவருக்கு அரைப் பேர் போடுகின்றன என்று தொழிலாளர் முறையிட்டனர். பாட்டியரைப் பற்றிய பாட்டு உலகை வலம் வந்துகொண்டிருந்த வேளையிலே, பாட்டியரின் பேத்திமார் அரைப் பேருக்காக வழக்காடிக்கொண்டிருந்தனர்.

பாட்டுக்குப் புகழ் வந்ததும் அதிலேயும் ஒரு பேர்ப் பிரச்சினை எழுந்தது. 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் தீயையும், கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்தவரான ஷான் வின்சென்ட் டி போலையும் வெளியிட்டது. அறிவின் படம் அங்கு இல்லை. பா. ரஞ்சித் முதலியோர் கண்டித்த பின்னர் அறிவுக்கென வேறோர் அட்டை இணையத்தில் வெளியாயிற்று. 2022 ஜூலையிற் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. சில நாட்களில் அவர் பகிரங்கமாக எழுதினார்: ஒவ்வொரு சொல்லும் மெட்டும் தம் உழைப்பு, பிறர் எடுத்துக் கொடுத்தவை அல்ல என்பது அவர் கூற்று. பாட்டின் எண்ணக்கரு தீயினுடையது, உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்பது சந்தோஷ் நாராயணன் அளித்த விடை. உடனே ரசிகர்கள் எரிந்த கட்சியும் எரியாத கட்சியுமாகப் பிரிந்துகொண்டனர். 2024 மார்ச்சிலோ, அப்பாட்டினால் தங்கள் ஒருவருக்கும் ஒரு காசேனும் கிட்டவில்லை என்று இசையமைப்பாளரே அறிவித்தார்!

இவ்வழக்கிலே தீர்ப்புச் சொல்வது இங்கு நோக்கமன்று. ஒலிப்பதிவிலே பலரின் கைகள் கூடி வேலை செய்கின்றன. இசையைக் கோப்பவனின் பங்கைச் சிறிது என்பது அறியாமை. ஆயினும் ஊவாவிலிருந்து பார்ப்பவருக்கு இதன் வடிவம் மிகவும் பழகியதாகத் தோன்றும். 1890இல் தோமஸ் லிப்டன் விலைக்கு வாங்கிய தம்பேதன்னைத் தோட்டம் அப்புத்தளைக்கு அருகிலே உள்ளது. அம்மலையின் கொழுந்தைப் பறித்த விரல்கள் ஆயிரமாயிரம். உலகம் அறிந்தது பெட்டியின் மேலிருந்த ஒற்றைப் பெயரைத்தான். பறித்தவர் பெயர் செக்ரோலோடு நின்றது. செக்ரோலோ கறையான் வாய்ப்பட்டது.

தோட்டத்துப் பாடல்களுக்கும் இதே கதிதான். மாசி மாதக் காமன் கூத்திலே ரதியின் புலம்பலுக்குச் சொற்களை முதலில் அமைத்தவர் யார்? தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்து மலைப் பாட்டையும் கட்டிய பெண்கள் யார்? மடக்கும்புரை சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் தொகுத்து அச்சேற்றியிராவிட்டால் அவற்றுட் பல பாட்டுகளே மறைந்திருக்கும்; பாடியவர் பெயர் எங்ஙனம் நிலைக்கும்? தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை மேடைதோறும் பாடிய எழுச்சிப் பாடல்களின் ஆசிரியராக அறியப்படுகிறார் என்றால், அவர் அவற்றைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டதே காரணம். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்று அறிஞர் இலக்கணம் வகுக்கின்றனர். ஆசிரியர் இல்லாமல் இல்லை. அவர் பெயரை எழுதிவைக்க ஆள் இல்லை என்பதே உண்மைக்கு அண்மையானது.

'வள்ளியம்மா பேராண்டி' என்ற தலைப்பின் முக்கியத்துவம் இங்கேதான் விளங்குகின்றது. தம் பெயர் அட்டையிலே விடுபட்டதைக் குறித்து மனம் நொந்த கவிஞர், தமது அடுத்த தொகுதியின் முகப்பிலே தம் பெயரைப் பெரிதாக எழுதி ஆறுதல் அடைந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், எழுத்தறியாத ஒரு தோட்டத்துக் கிழவியின் பெயரை மேலே வைத்து, தம்மை அவளுடைய பேரனாக மட்டும் கூறிக்கொண்டார். பாட்டு யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது. இத்தொகுதியிலே நாட்டார் இசையும் ராப்பும் கலந்து வருகின்றன. சாதி, மண், வேர் என்பன பற்றிய பேச்சு உரக்கவே கேட்கின்றது. 'எஞ்சாய் எஞ்சாமி' சென்ற தூரத்தில் ஒரு பங்கையும் இத்தொகுதி செல்லவில்லை என்பது உண்மை. ஒரு பாட்டுக்கு ஆடிவிடலாம். ஒரு தொகுதி முழுவதற்கும் இருந்து கேட்க வேண்டும். கேட்கும்போது குற்றம் தம்மீதும் சாரும் என்று தெரிந்தால் பலர் எழுந்து போய்விடுவர்.

ஒன்றை மட்டும் ஊவாவின் நேயர் குறையாகவே உணரக்கூடும். அறிவு பாடுவது கப்பலேறிப் போனவரின் கதை. கரையிலே கையசைத்து நின்றவருக்கும் ஒரு கதை உண்டு. நாடற்றவராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட்காலை கொஸ்லாந்தையை அடுத்த மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்குள் அகப்பட்டவர் எத்தனை பேர் என்ற கணக்குப் பல நாட்கள் மாறி மாறியே வந்துகொண்டிருந்தது. செக்ரோலைப் புரட்டி வேலைக்குப் போனவரை எண்ணிவிடலாம். பேர் பதியாத குழந்தையையும் கிழவியையும் எதைப் புரட்டி எண்ணுவது? அவர்களுடைய பெயர்களை அறிந்திருந்தவர்கள் அண்டை லயத்துப் பெண்கள். அன்று இரவு ஒப்பாரியிலே ஒவ்வொரு பெயரையும் விளித்து அழுதவர்களும் அவர்களே.