பின்வளவில் ஓடும் கோச்சியும் கையில் இருக்கும் சீட்டும்

விளையாட்டுக் கோச்சி என்றால் எங்களில் பலருக்குத் தெரிந்தது ஒரு வகைதான். சாவி கொடுத்தாலோ பற்றரி போட்டாலோ அது வட்டமாகச் சுற்றும். பிள்ளை பத்து நிமிடம் பார்க்கும், பிறகு அலுத்துவிடும். ஓய்வூதியம் எடுக்கும் வயதில் இருக்கும் எட்டுப் பேர் ஒரு பின்வளவில் கூடி, மூன்று மணி நேரம் கோச்சி விடுகிறார்கள் என்று சொன்னால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் கனடாவில் அப்படி ஒரு நாளில் நானும் சேர்ந்து வேலை செய்த பிறகு, எங்களுடைய வடக்குப் பாதையைப் பற்றி இதுவரை நாங்கள் பேசாத ஒரு விடயம் இதற்குள் இருக்கிறது என்று தோன்றியது. அதனால்தான் இதை விளக்கி எழுதுகிறேன்.

முதலில் அளவு. தோட்டத்தில் ஓடும் பெரிய மாதிரி ரயில்களில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் பெரும்பாலும் 45 மில்லிமீற்றர். எஞ்சினைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். இந்தப் பெரிய அளவை உலகம் முழுவதும் பரப்பியது ஜெர்மனியின் எல்ஜிபி. 1968இல் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்த லேமன் நிறுவனத்தின் கதை எங்களுக்குப் புரியக்கூடியது. 1881இல் பிராண்டன்பேர்க்கில் தகர விளையாட்டுப் பொருள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் அந்தத் தொழிற்சாலை உரிமையாளர்களின் கையை விட்டுப் போனது. அவர்கள் மேற்கே வந்து, நூரெம்பேர்க்கில் திரும்பவும் தொடங்கினார்கள். தோட்ட ரயில் அந்த இரண்டாவது பிறப்பில் வந்தது.

நான் போன பின்வளவு ரொறன்ரோவுக்கு வெளியே, ஒரு சாதாரண வீட்டுடையது. வீட்டுக்காரர் நியூபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்தவர். அவருடைய தகப்பன் அந்தத் தீவின் புகையிரதத்தில் வேலை செய்தவர். அந்தப் பாதை ஏறக்குறைய 880 கிலோமீற்றர் நீளம். தீவைக் குறுக்கே கடந்த முதல் பயணிகள் ரயில் 1898இல் ஓடியது. 1988இல் மூடினார்கள். 1990இற்குள் தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். இன்று அது நடைபாதை. அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. லொறியும் நெடுஞ்சாலையும் வந்தன, அவ்வளவுதான். ஆனாலும் 1990 என்று அவர் சொன்னபோது நான் ஒரு கணம் பேசாமல் நின்றேன். எங்களுடைய யாழ்தேவி நின்றுபோனதும் அதே ஆண்டு யூன் மாதம்.

அவருடைய வளவில் பாதையின் நீளம் சுமார் 60 மீற்றர். 24இல் ஒரு பங்கு அளவு என்பதால் உண்மையில் ஒன்றரைக் கிலோமீற்றர் கூட வராது. நான்கு நிலையங்கள். கனடாவின் பனிக்காலத்தில் நிலம் உறைந்து பொங்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் மட்டப்பலகை வைத்து முழுப் பாதையையும் திரும்ப நிமிர்த்த வேண்டும். அன்று காலையும் அவர் முழங்காலில் இருந்து சருகு, சுள்ளி, நத்தை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார். முன்பு தண்டவாளத்தில் மின்சாரம் விட்டுத்தான் ஓட்டினாராம். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் தண்டவாளத்தைத் துடைத்தே களைத்துப்போய், இப்போது எஞ்சினுக்குள் பற்றரி வைத்து றிமோட்டில் ஓட்டுகிறார்.

இனி முக்கியமான பகுதி. ஒவ்வொரு சாமான் பெட்டிக்கும் ஒரு அட்டை இருக்கிறது. அட்டையில் பெட்டியின் இலக்கம். அட்டையில் ஒரு சின்னப் பை. பைக்குள் ஒரு சீட்டு: என்ன சாமான், எங்கிருந்து, எங்கே, யாருக்கு. வட அமெரிக்காவில் 1960களில் இருந்து பரவிய முறை இது. ரயில் புறப்படும்போது அதில் உள்ள பெட்டிகளின் அட்டைகளை ஒரு கட்டாகக் கையில் தருவார்கள். எந்தப் பெட்டியை எங்கே விட வேண்டும், எதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் கட்டில் இருக்கும். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கார்ட் ஆக்கினார்கள். எஞ்சினை ஓட்டியவர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். எங்களுக்குக் கிடைத்தது ஏழு பெட்டிகள். அதில் மூன்று, கடதாசி ஆலைக்குப் போகும் வெறும் பெட்டிகள். நியூபவுண்ட்லாந்தின் கோர்னர் புறூக்கில் பெரிய கடதாசி ஆலை உண்டு. பத்திரிகைக் கடதாசி அங்கிருந்து ரயிலில் போனது. வெறும் பெட்டியை உள்ளே விட்டு, கடதாசி ஏற்றிய பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டும்.

கேட்கச் சுலபம். ஆலைக்குப் பிரியும் பாதை நாங்கள் போகும் திசையைப் பார்த்துப் பிரிந்தது. எஞ்சின் முன்னால், பெட்டிகள் பின்னால். அப்படியே இழுத்துக்கொண்டு உள்ளே போனால், முட்டுச்சுவருக்கும் பெட்டிகளுக்கும் இடையில் எஞ்சின் அடைபட்டுவிடும். ஆகவே பெட்டிகளை நிலையத்தில் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி, பக்கத்து லூப் பாதையால் சுற்றிவந்து, பின்பக்கமாகக் கொழுவி, அந்தப் பெட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே விட வேண்டும். அதற்கு முன்பே உள்ளே நிற்கும் நிறைந்த பெட்டிகளை வெளியே எடுத்து எங்கேயாவது வைக்க வேண்டும். லூப்பில் வைத்தால் எஞ்சின் சுற்ற இடம் இல்லை. பிரதான பாதையில் வைத்தால் எதிரே வரும் ரயில் நிற்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு சுள்ளியால் மண்ணில் கீறி யோசித்தோம். பெட்டிகளைக் கழற்றுவதற்குத் தந்திருந்தது இறைச்சி வாட்டும் மூங்கில் குச்சி. இருபத்தைந்து நிமிடம் போனது. உண்மையான சண்டிங் வேலைக்காரன் இதை மழையில், இரவில், கைவிளக்கோடு, தன்னுடைய கையை நசுக்காமல் செய்திருப்பான்.

இவ்வளவும் நடக்கும்போது மற்ற ரயில்கள் என்ன செய்கின்றன? வீட்டு விறாந்தையில் ஒருவர் பாதையைப் பார்க்காமல் இருந்தார். அவர் முன்னால் ஒரு தாள், ஒரு வோக்கி டோக்கி. எந்த ரயில் எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையில் இருக்கிறது என்பது அந்தத் தாளில் மட்டும் இருக்கும். அவர் அனுமதி தராமல் எந்த எஞ்சினும் நிலையத்தை விட்டு நகரக்கூடாது. அனுமதியை அவர் வாசிப்பார், நான் எழுதுவேன், எழுதியதைத் திரும்ப வாசிப்பேன், சரி என்று அவர் சொன்ன பிறகே அது செல்லும். எங்கள் எஞ்சின் அடுத்த நிலையத்துக்கு ஊர்ந்து போக ஒரு நிமிடம். அதற்கு அனுமதி கேட்டுக் காத்திருந்தது பதினொரு நிமிடம்.

இந்த இடத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. என்னுடைய பெரியப்பா வடக்குப் பாதையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். ஒற்றைப் பாதையில் ரப்லற் எப்படி வேலை செய்யும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு இயந்திரம். இரண்டும் கம்பியால் இணைந்தவை. ஒரு பக்கத்தில் ஒரு ரப்லற்றை வெளியே எடுத்தால், அதைத் திரும்ப ஏதாவது ஒரு இயந்திரத்தில் போடும்வரை இரண்டாவது ரப்லற் எந்தப் பக்கத்திலும் வெளியே வராது. அந்த ஒரு ரப்லற் தோல்பையில், வளையத்தில் மாட்டி, ஓட்டுநரின் கைக்குப் போகும். அது கையில் இருக்கிறவரை எதிரே யாரும் வர முடியாது. 1874இல் இங்கிலாந்தில் நொரிச்சுக்கு அருகே, தந்தியில் நடந்த ஒரு குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எட்வர்ட் ரையர் என்பவர் உருவாக்கி 1878இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இது. பிரித்தானியரோடு இலங்கைக்கு வந்தது.

அனுமதி என்ற சொல் எங்களுக்கு எப்படி ஒலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே வர ஒரு பாஸ், வவுனியாவில் நிற்க இன்னொரு பாஸ், ஓமந்தையில் வரிசை. அங்கே அனுமதி கொடுப்பவனுக்கு எந்தக் கடமையும் இல்லை, கேட்பவனுக்குத்தான் எல்லாம். ரப்லற்றும் ஓர் அனுமதிதான். ஆனால் அதைக் கொடுப்பவர் அந்தப் பாதையை மற்ற எல்லாருக்கும், தனக்கும் சேர்த்து, பூட்டிவிட்டுத்தான் கொடுக்க முடியும். கோப்பாயில் பிறந்த ஒருவரும் குருநாகலில் பிறந்த ஒருவரும், முகம் பார்க்காமலே, மணிச் சத்தத்தை நம்பி ஆயிரக்கணக்கான உயிர்களை இப்படி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாட்டில் என்ன பேசப்பட்டாலும் அந்த வேலை அப்படித்தான் நடக்க வேண்டியிருந்தது.

தேநீர் வேளையில் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்: உங்களுடைய பாதையில் என்ன போனது? பயணிகளை அவர் கேட்கவில்லை. எந்த நிலையத்தில் என்ன ஏறியது, எத்தனை பெட்டி, வெறும் பெட்டி எங்கிருந்து வந்தது? சீட்டு எழுத அதுதான் வேண்டும். தகப்பன் இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டு எழுதிவைத்ததால்தான் இந்த 60 மீற்றரை நடத்த முடிகிறது என்றார்.

எங்களுடைய தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 யனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்ப வந்தது. புதுப் பாதை, புதுக் கட்டிடங்கள். வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பழைய பாதையை நடத்திய முறையை யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை; அது ஆட்களோடு கலைந்தது. 1990இல் 35 வயதாக இருந்த ஒரு கார்ட்டுக்கு 2025இல் 70 வயது.

அன்று இரவே பெரியப்பாவுக்கு எடுத்தேன். யாழ்தேவி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கவில்லை. அதைப் பலர் கேட்டு, பலர் எழுதியும் விட்டார்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு வெறும் பெட்டி எந்த நேரம் வரும் என்று கேட்டேன். சற்று நேரம் சத்தம் இல்லை. பிறகு ஒரு மணி நேரம் கதைத்தார். தெற்கே போனது சீமெந்து, உப்பு, வெங்காயம், புகையிலை, கருவாடு. வடக்கே வந்தது அரிசி, மா, மண்ணெண்ணெய், தபால். மெயில் கோச்சியில் யார் என்ன பார்சல் அனுப்பினார்கள் என்பதுவரை வந்தது. "தம்பி, இதெல்லாம் ஏன் இப்ப கேக்கிறாய்?" என்று இடையில் இரண்டு தரம் கேட்டார், கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தார்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். 45 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் அது ஓட வேண்டுமானால் அளவு 37இல் ஒரு பங்கு. ஒரு கிலோமீற்றர் 27 மீற்றர் ஆகும். கடைகளில் கிடைக்கும் தோட்ட ரயில்கள் 20, 22.5, 24, 29, 32 என்ற அளவுகளில்தான் வருகின்றன. எல்லாம் கையால் செய்ய வேண்டியிருக்கும். பின்வளவு இருக்கிறவர்கள் யாராவது ஒருநாள் செய்யட்டும். சீட்டுக்கு வளவு தேவையில்லை. ஒரு கொப்பியும் தொலைபேசியும் போதும்.

உங்கள் வீட்டில் புகையிரதத்தில் வேலை செய்தவர்கள் இருந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் நிலையத்தில் லூப் எத்தனை பெட்டி பிடிக்கும்? சாமான் கொட்டகை எந்தப் பக்கம்? எந்தக் கோச்சி எதற்காகக் காத்து நிற்கும்? எந்த வியாபாரியின் மூட்டைக்கு யார் கையெழுத்து வைப்பார்? இப்படிக் கேட்டால் விடை சிறிதாகத் தொடங்கி நீளும்.

என்னிடம் இப்போது 23 சீட்டுகள் இருக்கின்றன. காங்கேசன்துறையில் சண்டிங் செய்த ஒருவர் கோண்டாவிலில் இருக்கிறார், வயது 84 என்று பெரியப்பா சொல்லி, இலக்கமும் தந்தார். "அவனுக்குக் காது கேளாது. பேத்தியிட்ட எழுதிக் குடுத்துக் கேள். சீமெந்துப் பெட்டியைப் பற்றி என்னை விட அவனுக்குத்தான் தெரியும்" என்றார்.