உள்ளிருந்தே சூடேறும் வினையூக்கி

மாணவர்களே, கடலை வறுப்பவர் சட்டியில் மணலையும் சேர்த்து வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் கடலையாயின் சட்டியைத் தொடுவது கருகும். மேலே கிடப்பது பச்சையாகவே இருக்கும். மணல் ஒவ்வொரு கடலைக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வேதியியல் ஆலைகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே சூடேற வேண்டியது வினையூக்கி.

வேதிவினை வினையூக்கியின் மேற்பரப்பில்தான் நிகழ்கிறது. ஆகவே பரப்பு மிகுந்தால் வேகமும் மிகும். அலுமினா போன்ற நுண்துளைகள் நிறைந்த பொருளின்மீது நிக்கல் முதலிய உலோகங்களைப் பரப்புவது இதற்காகவே. இத்தகைய அலுமினா ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால், ஏறத்தாழ 200 சதுர மீட்டர் பரப்புக் கிடைக்கும்! ஆனால் துளை மிகுந்த பொருள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உலையில் எரிபொருளை எரித்து வெளியிலிருந்து குழாயைச் சூடாக்கினால், சுவர் கனன்றுகொண்டிருக்கும். நடுவிலுள்ள வினையூக்கியோ அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். மீத்தேனையும் நீராவியையும் வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலைகளில் இது பெரும் இடர்ப்பாடு. ஏனெனில் அவ்வினை ஓயாமல் வெப்பத்தை விழுங்குவது.

வெப்பத்தை வெளியிலிருந்து அனுப்பாமல் உள்ளேயே உண்டாக்கினால் என்ன?

அதற்காக வினையூக்கியோடு காந்தத் துகள்களைக் கலந்து வைக்கிறார்கள். இவற்றின் குறுக்களவு சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை இருக்கும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. குழாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில், நொடிக்குச் சுமார் 3 லட்சம் சுற்றுகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். காந்தப்புலம் திசை மாறும்போதெல்லாம் துகளின் காந்தமும் திரும்ப வேண்டும். அது உடனே திரும்பாமல் சற்றுப் பின்தங்குகிறது. இதுவே காந்தத் தயக்கம். ஒவ்வொரு சுற்றிலும் தயக்க வளையத்தின் பரப்புக்கு ஏற்ற ஆற்றல் வெப்பமாகிறது. மின்மாற்றி செய்பவர்கள் இதை வீண் இழப்பு எனக் கருதி, வளையத்தைச் சுருக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே அந்த இழப்புதான் நமக்கு வேண்டியது! வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தைப் பெரும்பாலும் சூடாக்குவது சுழல் மின்னோட்டம். இத்துகள்களில் அது சுழலவும் இடமில்லை.

கார்பன் டைஆக்சைடையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக மாற்றும் வினைக்கு, 1912இல் நோபல் பரிசு பெற்ற பால் சபாட்டியேயின் பெயர் வழங்குகிறது. அவர் பணியாற்றிய பிரான்சின் துலூஸ் நகரிலேயே, 2016இல் ஆய்வாளர்கள் இரும்புக் கார்பைடு துகள்களைக் கொண்டு அவ்வினையை நடத்திக் காட்டினர். வினையூக்கிகள் ருத்தேனியமும் நிக்கலும். உலை முழுவதும் சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. வெயிலும் காற்றும் உள்ளபோது மட்டும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு, சேமித்து வைக்கக்கூடிய எரிவாயுவை ஆக்க இம்முறை ஏற்றது.

இனி ஒரு சிக்கல். ஒவ்வொரு காந்த உலோகமும் தனக்குரிய கியூரி வெப்பநிலையைத் தாண்டினால் காந்தத்தன்மையை இழந்துவிடும். பிறகு தயக்கமும் இல்லை, அதனால் வரும் வெப்பமும் இல்லை. நிக்கலுக்கு இது சுமார் 358 டிகிரி செல்சியஸ், இரும்புக்கு 770, கோபால்ட்டுக்கு ஏறத்தாழ 1,120. ஒருவகையில் இது நன்மையே. துகள் தன் எல்லையை மீறிச் சூடேறாது. ஆனால் நீராவி வினைக்கு 800 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். நிக்கல் அதற்கு நல்ல வினையூக்கிதான். எனினும் பாதி வழியிலேயே காந்தம் போய்விடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2017, 2018ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. நிக்கலோடு கோபால்ட்டைக் கலந்து, சூடாக்குவதும் வினையூக்குவதும் ஒரே துகளாக இருக்கும்படி செய்தனர்.

ஆலைகளுக்கு இம்முறை பரவலாக வருமுன் தீர வேண்டியவை உள்ளன. கடும் வெப்பத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. அப்போது தயக்க வளையமும் மாறிப்போகிறது. அதைவிடப் பெரிய தொல்லை கம்பிச்சுருள். அதுவும் சூடேறுவதால் தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். செலுத்திய மின்சாரத்தில் ஒரு பகுதி அத்தண்ணீரோடு போய்விடுகிறது. சிறிய ஆய்வுக்கூடச் சுருள்களில் இப்பகுதி மிக அதிகம். சுருள் பெரிதாகி, அதன் உட்புறம் முழுவதும் வினையூக்கியால் நிரம்பினால் இழப்பின் விகிதம் குறையும்.