கடற்பாசியின் மேல் குற்றமில்லை

சீனி எங்கிருந்து வருகிறது?

நோன்பு மாதத்தில் மன்னார் தீவின் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் கஞ்சிக் கோப்பையின் பக்கத்தில் கடற்பாசித் தட்டும் வந்துவிடும். சீனி வருத்தக்காரர் அதைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்வார். பாசி பாவம். மன்னார் வளைகுடாவின் அக்கரையில், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து வருவதுதான் இந்த இனிப்பை இறுகவைக்கும் அகார். அதில் பெரும்பகுதி செரிக்காத நார். குருதியில் சீனியை ஏற்றுவது நாம் கொட்டும் சீனியும் ரின் பாலும்தான்.

ஒரு கப் சீனி, ஏறத்தாழ 200 கிராம், போட்டு எட்டுத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு 25 கிராம், ஆறு தேக்கரண்டி. ஒரு நாள் முழுவதற்கும் அந்த அளவுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை.

பனங்கட்டி போட்டால்?

பனை நிறைந்த தீவில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பனங்கட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு. ஆனாலும் பெரும்பகுதி சுக்ரோஸ். குளுக்கோமீற்றருக்குப் பனை, கரும்பு என்ற பேதம் கிடையாது.

இரண்டு அடுக்கு

சீனி போடாமலே செய்யலாம். 10 கிராம் உலர்ந்த கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, 600 மில்லிலீற்றர் தண்ணீரில் கறுவாத் துண்டு ஒன்றோடு கொதிக்கவிடுங்கள். கரண்டியின் முதுகில் மணி மணியாக ஒட்டினால் இன்னும் கரையவில்லை. கரைந்ததும் வடித்து, ஸ்டீவியா சில துளிகள் விடுங்கள், கூடினால் கசக்கும். பாதியைத் தட்டில் ஊற்றுங்கள். மீதியைச் சூடாறாமல் வைத்து, இளஞ்சூடான தேங்காய் முதற்பால் 200 மில்லிலீற்றர், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு கலக்குங்கள். பால் குளிர்ந்திருந்தால் கட்டிதட்டிவிடும்.

கைப்பதம் அடுத்த நிமிடத்தில்தான். கீழடுக்கைத் தொட்டால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும். அப்போதே மேலடுக்கை ஊற்றுங்கள். முழுவதும் இறுகிவிட்டால் வெட்டும்போது இரண்டும் வழுக்கிப் பிரியும். ஒருமுறை இறுகிய அகார் 85 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகும் என்பதால் மன்னார் வெயிலுக்கும் அசையாது. குளிரூட்டி இல்லாத வீட்டுக்கு இதைவிடத் தோதான இனிப்பு எனக்குத் தெரியவில்லை. ஆனால் தேங்காய்ப்பால் கெட்டுவிடும், அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

யார் கவனிக்க வேண்டும்?

முதற்பாலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். கொலஸ்ட்ரோல், இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு சிறு துண்டு போதும். இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே கிளினிக்கில் அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கை நடுங்கி வியர்த்து, சீனி 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை அப்போதே திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு இந்தக் கடற்பாசி உதவாது. சீனி கரைத்த தண்ணீர்தான் வேண்டும்.