நேற்று வாங்கினேன், இன்று விலை குறைந்ததே!

கடைக்காரருக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி இல்லை. விலை ஏறினால் வாடிக்கையாளர் அரசைத் திட்டுவார். குறைந்தால் நம்மைத்தான் சந்தேகப்படுவார்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கான எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன; நெய் 12-லிருந்து 5-க்கு. முதல் நாள், 21-ஆம் தேதி, மகாளய அமாவாசை. மேல்மலையனூர் கூட்டம் செஞ்சி வழியே போகும் நாள். அன்று பழைய விலைக்கு வாங்கியவர், மறுநாளே புது விலையைக் கேட்டால் மனம் பொறுக்குமா? குறைப்பு செப்டம்பர் 3-ஆம் தேதியே அறிவிக்கப்பட்டதால், விவரம் தெரிந்தவர்கள் வாங்காமல் காத்திருந்தார்கள். அவசரத்துக்கு வாங்கியவருக்குத்தான் வருத்தம்.

அவருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். வரி விகிதம், பொருளைக் கொடுத்துப் பில் போட்ட நாளைப் பொறுத்தது. 21-ஆம் தேதி பில்லில் வாங்கிய 18 சதவீதம் அரசுக்குச் செலுத்த வேண்டிய பணம். நம் கல்லாவில் தங்கவில்லை. அதேபோல், சரக்கைப் பழைய வரியில் கொள்முதல் செய்திருந்தாலும், 22 முதல் போட்ட பில்லுக்கு 5 சதவீதம்தான்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? ஒரு கணக்குப் பார்ப்போம். வரியில்லாமல் ரூ.90-க்கு வாங்கி ரூ.100-க்கு விற்கும் பொருள். 18 சதவீத வரியுடன் கொள்முதல் ரூ.106.20, விற்பனை ரூ.118. வரி குறைந்தபின் விற்பனை ரூ.105. சாதாரணப் பதிவு உள்ளவர், கட்டிய ரூ.16.20-ஐ உள்ளீட்டு வரியாக வரவு வைத்து, மற்றச் சரக்கின் வரியில் கழித்துக்கொள்ளலாம். அவருடைய லாபம் ரூ.10 அப்படியே நிற்கும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரருக்கு அந்த வரவு கிடையாது. ரூ.106.20-க்கு வாங்கியதை ரூ.105-க்கு விற்றால் கையைக் கடிக்கும். நம் ஊர்ச் சிறு மளிகைக் கடைகள் பட்ட சிரமம் இதுதான். வாடிக்கையாளர் இதை அறிய வழியில்லை. அவர் கண்ணில் படுவது அட்டையில் அச்சான எம்.ஆர்.பி. மட்டுமே.

பழைய பொட்டலத்தில் திருத்திய விலையை ஒட்டுவது கட்டாயமல்ல என்று மத்திய அரசு செப்டம்பர் 18-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் பழைய அச்சைக் காட்டிப் பழைய விலையை வாங்குவது வேறு விஷயம். அதை நாம் ஆதரிக்கவில்லை.

இனி இப்படி வரி மாற்றம் அறிவிக்கப்பட்டால், அமலாகும் நாள் வரை மெதுவாக நகரும் சரக்கைக் குறைவாக எடுங்கள். இருப்புக்கு ஈடு உண்டா என்று மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள். "இன்ன தேதி முதல் விலை குறையும்" என்று கடை முகப்பில் எழுதி வையுங்கள். நாலு நாள் வியாபாரம் மந்தமாகும்தான்; ஆனால் அமாவாசைக்கு வாங்கியவர் மறுநாள் வந்து சண்டை போடமாட்டார்.