‘காண்க’ என்னும் குறிப்பும் அதன் பிழைதிருத்தமும்

ஒரு நூலிற் சொல்லத்தகும் எல்லாப் பொருளையும் ஓரிடத்திலேயே கூறி முடித்தல் எத்துணை வல்ல ஆசிரியர்க்கும் இயலாது. முன்னர்க் கூறியதனை வேண்டுமிடந்தோறும் மீண்டுங் கூறின் நூல் வீணே பெருகும். கூறாதுவிடின் பொருள் விளங்காது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட வழி, ‘அஃது ஆண்டுக் கூறப்பட்டது, ஆண்டுக் காண்க’ எனக் கற்போனை அவ்விடத்திற்குச் செலுத்துதலேயாம். நன்னூலார் 32 உத்திகளை எண்ணியவிடத்து ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என இரண்டனை வைத்தமையும் இப்பயன் நோக்கியே. வேதாகமப் பக்கங்களில் வசனங்களின் அருகே அச்சிடப்பெறும் ஒத்துவாக்கியக் குறிப்புகளும் இவ்வினத்தனவே. இவ்வாறு ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்தைக் காட்டும் குறிப்பினை இக்கட்டுரையிற் ‘சுட்டுக்குறிப்பு’ என வழங்குவாம்.

இக்காலத்திற் சுட்டுக்குறிப்புகள் மிகுதியாகப் பயிலும் நூல்கள் கணினி மென்பொருள்களின் கைந்நூல்களாம். அவற்றுள்ளும் திறந்த மூல மென்பொருள்களின் கைந்நூல்களையே ஈண்டு எடுத்துக்கொண்டேம். என்னை? அவற்றின் மூலப்படியை எவரும் பார்க்கலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983-ஆம் ஆண்டிற் குனூ என்னும் திட்டத்தை அறிவித்து, மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு அதனை ஆராயவும் மாற்றவும் உரிமை வேண்டுமென்றார். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த குனூ கட்டற்ற ஆவண உரிமம் கைந்நூல்களுக்கும் அத்தகைய உரிமையை வகுத்தது. ஆகவே இவ்வகைக் கைந்நூலைக் கற்போன் கற்போனாக மட்டும் நிற்க வேண்டுவதில்லை, திருத்துவோனும் ஆகலாம்.

பிழையால் விளையும் தீங்கு

ஒரு சுட்டுக்குறிப்பின் சொல் பிழைபட்டால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் வினவக்கூடும். யாம் அறிந்த நிகழ்ச்சியொன்றைக் கூறுதும்.

எம் விடுதி நண்பர் ஒருவர், மூன்று திங்கள் முயன்று தொகுத்த சொல்லடைவொன்றைத் தம் கணினியில் வைத்திருந்தார். அதற்குப் பயன்பட்ட மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுங்கால், கைந்நூலை வரிவரியாகப் பின்பற்றினார். அதன்கண், மேலே கூறியவாறு படியெடுத்த பின்னர்ப் பழைய கோப்பகத்தை நீக்குமாறு எழுதப்பட்டிருந்தது. அவர் மேலே நோக்கினார்; படியெடுக்கும் முறையொன்று அங்கிருந்தது. அவ்வாறே படியெடுத்தார்; பழையதை நீக்கினார். ஆனால் மேலேயிருந்தது மென்பொருளின் அமைப்புக் கோப்புகளைப் படியெடுக்கும் முறை. பயன்படுத்துவோர் தொகுத்த பொருளைப் படியெடுக்கும் முறை முந்திய பதிப்பில் மேலே இருந்து, பிற்பாடு வேறோர் அதிகாரத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. பகுதி இடம் பெயர்ந்தது. ‘மேலே’ என்னுஞ் சொல் பெயரவில்லை. நண்பரின் மூன்று திங்கள் உழைப்பு அன்றிரவே அழிந்தது.

வேறு படியொன்று வைத்திராதது அவர் குற்றம் எனலாம். ஆயினும் அவர் நூலை நம்பினார். நூல் சொன்னபடியே செய்தார். நம்பினோனை நூல் கைவிட்டது என்பதே உண்மை. இதனைக் கண்டபின் அவ்வொரு சொல்லைத் திருத்துவது எம் கடனெனத் துணிந்தேம்.

பிழை பிறக்கும் இடம்

அக்கைந்நூல் டெக்கின்போ என்னும் முறையில் எழுதப்பட்டது. குனூ திட்டத்துக் கைந்நூல்கள் இம்முறையினாலேயே எழுதப்பெற்று வருகின்றன. இதன் சிறப்பு, மூலப்படி ஒன்றேயாக, அதனின்று அச்சுப்படி, வலைப்படி, இன்போ எனப்படும் திரைப்படி ஆகிய பலவும் பிறத்தலாம். சுட்டுக்குறிப்பிற்கென இதன்கண் மூன்று கட்டளைகள் முதன்மையாக உள்ளன.

முதலாவது எக்ஸ்ரெப். இது வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தற்குரியது. ஆங்கிலத்திற் ‘காண்க’ என்னும் பொருட்டாகிய ‘ஸீ’ என்னுஞ் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கித் தானே முன்னர் இட்டு, அச்சுப்படியிற் பகுதியின் எண்ணையும் தலைப்பையும் பக்க எண்ணையும் அதன்பின் தரும். இரண்டாவது பிஎக்ஸ்ரெப். இது பிறைக்கோட்டினுள் வைத்தற்குரியது. ‘ஸீ’ என்பதைச் சிறிய எழுத்தில் இடும். மூன்றாவது ரெப். அச்சிலும் வலையிலும் இஃது ‘ஸீ’ என்பதை இடாது, சுட்டப்படும் இடத்தை மட்டுமே தரும். ‘காண்க’ என்பதனை எழுதுவோனே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இன்போ என்னும் திரைப்படியிலோ நிலைமை வேறு. ஆண்டு மூன்று கட்டளைகளும் விண்மீன் குறியோடு கூடிய ‘நோட்’ என்னுஞ் சொல்லாக நிற்கும். ஈமாக்ஸ் என்னும் மென்பொருளில் அப்படியைத் திறந்தால், அது ‘நோட்’ என்பதனை ‘ஸீ’ என மாற்றிக் காட்டும். முன்னரே ஒரு ‘ஸீ’ எழுதப்பட்டிருப்பின் தன் ‘ஸீ’யை மறைத்துக்கொள்ளும். இஃது ஒரு நற்பண்பே. ஆயினும் இந்நற்பண்பே எம்மை ஏமாற்றியது.

யாம் ‘மேலே’ என்பதனை நீக்கி, ‘ஸீ’ என எழுதி, அதன்பின் பிஎக்ஸ்ரெப் கட்டளையை வைத்தேம். ஈமாக்ஸிற் பார்த்தேம்; ஒரே ‘ஸீ’ செவ்வனே நின்றது. மகிழ்ந்து அனுப்பினேம். மறுநாள் அம்மென்பொருளின் பொறுப்பாளர், வேறொன்றும் எழுதாமல், அச்சுப்படியிலுள்ள அவ்வொரு வரியை மட்டும் எமக்குத் திருப்பியனுப்பினார். ஆண்டு ‘ஸீ ஸீ’ என அச்சொல் இருமுறை நின்றது. நன்னூலார் ‘கூறியது கூறல்’ எனக் குற்றத்துள் எண்ணியதனை, பிழைதிருத்தப் புகுந்த யாமே செய்திருந்தேம். நாணமுற்றேம், கட்டளையை ரெப் என மாற்றி மீண்டும் அனுப்பினேம், அஃது ஏற்கப்பெற்றது.

இதனால் யாம் அறிந்தது இது: சுட்டுக்குறிப்பிற் சொற்பிழை பெரும்பாலும் அறியாமையாற் பிறப்பதன்று. எழுதுவோன் காண்பது ஒரு படி, கற்போன் காண்பது வேறொரு படி. இவ்விரண்டற்கும் இடையிலேயே பிழை பிறக்கின்றது.

பிழையின் வகைகள்

இப்பிழைகளை நால்வகைப்படுத்திக் காட்டலாம்.

முதலாவது, சொல் மிகுதலும் குறைதலும். மேற்கூறிய ‘ஸீ ஸீ’ மிகுதற்கு எடுத்துக்காட்டு. ரெப் கட்டளையை ‘ஸீ’ இன்றி வாக்கிய முதலில் வைத்தால் வினையில்லாத தலைப்பொன்று தனியே நிற்கும், இது குறைதல். லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையிலும் இப்பிழை உண்டு. ஆங்கு ரெப் என்னும் கட்டளை எண்ணை மட்டும் தரும். ஆட்டோரெப் என்பதோ ‘பகுதி’ என்னும் பொருட்டாகிய சொல்லையும் சேர்த்துத் தரும். பழைய கட்டளையைப் புதியதாக மாற்றுவோர் தாம் முன்னர் எழுதிய ‘பகுதி’ என்னுஞ் சொல்லை நீக்க மறப்பின், ‘பகுதி பகுதி 3’ என அச்சேறும்.

இரண்டாவது, இடச்சொல் பொய்த்தல். ‘மேலே’, ‘கீழே’, ‘அடுத்த பக்கத்தில்’ என்பன ஒழுங்குபட்ட அச்சுநூலில் மெய்யாகலாம். ஒவ்வொரு பகுதியும் தனித்தனித் திரையாகத் தோன்றும் படியிலோ மேலும் இல்லை, கீழும் இல்லை. பகுதிகள் இடம் பெயருந்தோறும் இச்சொற்கள் பொய்யாகும். எம் நண்பரைக் கெடுத்தது இவ்வகை.

மூன்றாவது, வேற்றிடஞ் சுட்டல். யூனிக்ஸ் கைந்நூலின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்தது. அதன் பக்கங்களிலேயே ‘இவற்றையுங் காண்க’ என்னும் பொருள்படும் தலைப்பு அமைந்துள்ளது. அவ்வழி வந்த கைந்நூல்களிற் பெயரையடுத்துப் பிறைக்கோட்டில் நிற்கும் எண் எப்பிரிவு என்பதைக் காட்டும். பிரிண்ட்எப் என்பது 1-ஆம் பிரிவில் ஒரு கட்டளை; 3-ஆம் பிரிவிலோ சி மொழியின் செயற்கூறு. எண் ஒன்று மாறினும் கற்போன் முற்றிலும் வேறான பொருளிடத்துப் போய்ச் சேர்வான்.

நான்காவது, தலைப்பு மாறியதாற் சொற்றொடர் சிதைதல். பைத்தான் மொழியின் கைந்நூல்கள் 2008-ஆம் ஆண்டு முதல் ஸ்பிங்ஸ் என்னும் கருவியால் ஆக்கப்படுகின்றன. இதன்கண் ரெப் என்னும் குறி, சுட்டப்பட்ட பகுதியின் தலைப்பையே எடுத்து வாக்கியத்தினுள் வைக்கும். ‘நிறுவுதல்’ என்றிருந்த தலைப்பைப் பிறரொருவர் ‘எவ்வாறு நிறுவுவது?’ என மாற்றினால், அதனைச் சுட்டிய வாக்கியங்களெல்லாம் நடுவே வினாவொன்றைச் சுமந்து நிற்கும்.

இவற்றைக் கருவிகளே கண்டுபிடியாவோ எனின், ஒருவாறு கண்டுபிடிக்கும். சுட்டப்பட்ட இடம் இல்லையாயின் டெக்கின்போவின் கருவி பிழையென்று கூறும், ஸ்பிங்ஸ் எச்சரிக்கும், லாடெக் எண் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு வினாக்குறிகளை அச்சிடும். ஆனால் இடம் உளதாய், அது தக்க இடம் அன்றாயின் கருவி வாளாவிருக்கும். சொற்றொடர் செவ்விதோ அன்றோ என்பதனையும் அது பெரும்பாலும் அறியாது. அதனை அறிதற்கு வாக்கியத்தைப் படித்துப் பொருள் கொள்ளும் மனிதனே வேண்டும். மொழி பயிலும் மாணவர்க்கு இப்பணியில் இடமுண்டு என யாம் கூறுவது இதுபற்றியே.

திருத்தும் முறை

திருத்தப் புகுவோன் முதலிற் சுட்டிய இடத்திற்குச் சென்று முழுவதும் படித்தல் வேண்டும். ஆண்டு உரிய பொருள் உளதென்று தெளிந்த பின்னரே சொல்லைத் தொடுதல் முறை. பின்னர் அதே பிழை அக்கைந்நூலில் வேறெங்கேனும் உளதோவெனத் தேடுக. ஒருவர் கை ஒருமுறை செய்த பிழையைப் பன்முறை செய்திருத்தல் இயல்பு. மூன்றாவதாக, அப்பிழையை மட்டுமே திருத்துக. அருகிலுள்ள வரிகளைத் தம் சுவைக்கேற்ப மாற்றி எழுதும் ஆசை எழும், அதனை அடக்குக. வேறு திருத்தம் வேண்டுமாயின் அதனைத் தனியே அனுப்புக.

நான்காவதாக, அச்சு, வலை, திரை என்னும் எல்லாப் படிகளையும் ஆக்கி, அவ்வரியை ஒவ்வொன்றிலும் வாய்விட்டுப் படிக்க. யாம் தவறியது இவ்விடத்திலே. இறுதியாக, எதனை ஏன் மாற்றினோம் என்பதனை ஒன்றிரண்டு வரியில் எழுதுக. 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் என்னும் கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் காரணவுரையோடு சேர்த்துக் காத்துவைக்கும். பத்தாண்டு கழித்து வருவோனும் அதனைப் படித்துத் தெளிவான்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பல கைந்நூல்களின் மொழிபெயர்ப்பு கெட்டெக்ஸ்ட் என்னும் முறையால் நடைபெறுகின்றது. மூலத்தில் ஒரு சொல் மாறினும், அப்பகுதியின் மொழிபெயர்ப்பு ஐயத்திற்குரியதெனக் குறிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் மீண்டும் பார்க்கும்வரை ஒதுங்கி நிற்கும். ஆகவே வேண்டாத திருத்தம் பிறர் பலருக்கு வேலை வைப்பதாகும்.

தமிழில் எழுதுங்கால்

தமிழிற் கைந்நூல் எழுதுவோர்க்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸீ’ முன்னிற்கும். தமிழிற் ‘காண்க’ பின்னிற்கும். அதுவேயுமன்றி, சுட்டப்படும் தலைப்பு இரண்டாம் வேற்றுமை உருபேற்று, ‘நிறுவுதலைக் காண்க’ என வருதல் வேண்டும். கருவியோ தலைப்பை உள்ளவாறே இட்டு ஒழியும். அதற்கு உருபும் தெரியாது, புணர்ச்சியும் தெரியாது. இதற்கு யாம் கண்ட எளிய வழி ‘என்னும்’ என்பதை இடையே வைத்தல். ‘நிறுவுதல்’ என்னும் பகுதியைக் காண்க எனின், தலைப்பு யாதாக மாறினும் தொடர் சிதையாது. உருபும் ‘பகுதி’ என்னுஞ் சொல்லின்மேல் நின்றுவிடும். தலைப்பு வினாவாயினும் இடர் இல்லை. நம் மொழியிலேயே இதற்கு மருந்துள்ளமை மகிழத்தக்கது.

முடிவுரை

டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையை ஆக்கிய பேராசிரியர் டொனால்டு நூத், தம் நூல்களிற் பிழையை முதலிற் கண்டு தெரிவிப்பார்க்கு 2 டாலர் 56 சென்ட் பரிசளிக்கும் வழக்கமுடையவர். அவர் அனுப்பிய காசோலைகளைப் பலர் பணமாக மாற்றாமற் சட்டமிட்டு வைத்துக்கொண்டனர். 2008-ஆம் ஆண்டு முதல் அவர் காசோலைக்கு மாற்றாகச் சான்றிதழே அளித்து வருகின்றார். சிறு பிழையைக் காண்பவனும் நூலுக்கு உதவியவனே என்பதனை அப்பேரறிஞர் இவ்வாறு ஒப்புக்கொண்டார்.

எமக்குப் பரிசொன்றும் வரவில்லை, வேண்டியதுமில்லை. எம் நண்பர் தம் சொல்லடைவை முதலிலிருந்து தொகுத்து வருகின்றார். அவர் இழந்ததை எம் திருத்தம் மீட்டுத்தர மாட்டாது. ஆயினும் நாளை அக்கைந்நூலைத் திறப்போன் ஒருவன் உரிய இடத்திற்குச் சென்று, உரிய கோப்புகளைப் படியெடுத்து, தன் உழைப்பைக் காத்துக்கொள்வான். மாணவ நண்பர்களே, நீங்களும் ஒரு கைந்நூலைப் படிக்குங்கால் ‘காண்க’ என்று எழுதிய இடத்திற்குச் சென்று பாருங்கள். ஆண்டு அப்பொருள் இல்லையாயின், வருந்திப் போகாது, ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.