மெடிகேர் அட்டை ஒன்றுதான், மாநிலத்துக்கு ஒரு நியாயம்

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், அமெரிக்காவில் குடியேறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில்தான் அவருக்குப் பொழுது கழிகிறது. வேலை போய், கம்பெனிக் காப்பீடும் போனது. மிச்சம் இருப்பது மெடிகேர் மட்டும். போன முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். மெடிகேர் தபாலில் அனுப்பும் கணக்குத் தாள்கள். ‘இது பில் அல்ல’ என்று அவற்றில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே கட்டம் கட்டமாகக் கணக்கு: மருத்துவமனை கேட்டது எவ்வளவு, மெடிகேர் ஒப்புக்கொண்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு. கடைசிக் கட்டத்தில், உங்களிடம் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்ற தொகை. அந்தக் கட்டத்தை மட்டும் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

“நோயைக்கூட சமாளிச்சிடலாம்டா. இந்த இருபது பர்சென்ட்தான் பயமா இருக்கு” என்றார்.

அந்த இருபது சதவீதம் எங்கிருந்து வருகிறது, அதை அடைக்க வழி இருந்தும் அவருக்கு மட்டும் ஏன் இல்லை என்று விசாரிக்கப் போய்த்தான் இந்த விஷயம் எனக்குப் புரிந்தது.

மெடிகேர் என்பது 65 வயது நிறைந்தவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு. 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அது. 1972-ல் அதைத் திருத்தி, உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாதவர்களையும், சிறுநீரகம் செயலிழந்தவர்களையும் வயது பாராமல் சேர்த்துக்கொண்டார்கள். உடல் ஊனத்துக்கான அரசு உதவித்தொகை பெறத் தொடங்கி 24 மாதம் கழித்து மெடிகேர் வரும். இன்று மெடிகேரில் உள்ள ஆறரைக் கோடிக்கும் மேற்பட்டோரில் சுமார் பத்தில் ஒருவர் 65 வயதுக்குக் கீழே இருப்பவர்.

ஆனால் மெடிகேர் முழுச் செலவையும் ஏற்பதில்லை. 2025 கணக்குப்படி, மருத்துவமனையில் படுத்தால் முதல் 1,676 டாலர் நோயாளியின் பொறுப்பு. இது வருடத்துக்கு ஒருமுறை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. மருத்துவமனையையும் அதன் பின்னான நர்சிங் பராமரிப்பையும் விட்டு வெளியே வந்து 60 நாள் கடந்தபின் மறுபடி படுத்தால், மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். 60 நாளுக்கு மேல் படுக்கை நீண்டால் நாளொன்றுக்கு 419 டாலர். டாக்டர், ஸ்கேன், கீமோ, டயாலிசிஸ் ஆகியவை மெடிகேரின் ‘பார்ட் பி’ பிரிவில் வரும். அதில் வருட ஆரம்பத்தில் 257 டாலர், அதற்குப் பிறகு ஒவ்வொரு செலவிலும் 20 சதவீதம் நோயாளி தலையில். இந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகை ஒரு லட்சம் டாலர் என்றால் இருபதாயிரம் நோயாளி கொடுக்க வேண்டும்.

இந்த ஓட்டைகளை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்கும் துணைக் காப்பீட்டுக்குப் பெயர்தான் மெடிகேப். மெடிகேர் விட்டுவைத்த இடைவெளி என்று பொருள். மெடிகேர் மத்திய அரசுடையது. மெடிகேப் பாலிசியைக் கண்காணிப்பது அந்தந்த மாநிலத்தின் காப்பீட்டுத் துறை. 1945-ல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் காப்பீட்டுத் தொழிலை மேய்க்கும் அதிகாரத்தைப் பெருமளவு மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அதனால் நாடு முழுக்க ஒரே மெடிகேர் அட்டை, ஆனால் அதற்கு ஒட்டுப் போடும் பாலிசி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

முதல் இருபத்தைந்து ஆண்டுகள் இந்தச் சந்தை கண்டபடி நடந்தது. ஏஜென்ட்டுகள் வீடு தேடி வந்து, தனியாக இருக்கும் முதியவர்களைப் பயமுறுத்தி, ஒருவருக்கே நாலைந்து பாலிசிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒன்று கொடுக்கும் பணத்தையே இன்னொன்றும் கொடுப்பதாகச் சொல்லும். கேட்கும்போது இரண்டும் கொடுக்காது. இதைத் தடுக்க மொன்டானா செனட்டர் மாக்ஸ் பாக்கஸ் 1980-ல் கொண்டுவந்த திருத்தம் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. ஆனால் அது கம்பெனிகளின் விருப்பத்தை நம்பிய ஏற்பாடு. உண்மையான கடிவாளம் 1990-ல்தான் விழுந்தது.

1990 சட்டம் ஒரு நல்ல வேலை செய்தது. ஆயிரம் விதமாக இருந்த பாலிசிகளைப் பத்தே வகையாக்கி, ஏ முதல் ஜே வரை எழுத்துப் பெயர் கொடுத்தது. வகைகளை வரையும் பொறுப்பு மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கத்துக்குப் போனது. அவர்கள் மாதிரி விதி எழுத, மாநிலங்கள் அதைத் தங்கள் சட்டமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் குறையக் கூடாது, கூட்டலாம். ஏற்கெனவே சொந்தமாக ஒழுங்குமுறை வைத்திருந்த மாசசூசெட்ஸ், மின்னசோட்டா, விஸ்கான்சின் மூன்றுக்கும் விலக்கு உண்டு. பின்னால் சில எழுத்துகள் போயின, சில வந்தன. 2020 முதல் மெடிகேருக்குத் தகுதி பெற்றவர்களுக்கு சி, எஃப் இரண்டும் கிடையாது. இப்போது அதிகம் பேசப்படுவது ஜி, என் இரண்டும்தான்.

இதில் வாங்குபவருக்குப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. ‘ஜி’ என்றால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அதே ‘ஜி’தான், பலன் ஒரு பைசா கூடாது குறையாது. விலை மட்டும்தான் வேறு. அதனால் அதே எழுத்துக்கு ஒரு கம்பெனி ஏன் கூடக் கேட்கிறது என்று தைரியமாகக் கேட்கலாம். தனிநபர் பாலிசியில் வசூலிக்கும் ஒவ்வொரு டாலரிலும் குறைந்தது 65 சென்ட் மருத்துவச் செலவாகத் திரும்ப வேண்டும், குழுப் பாலிசியில் 75 சென்ட் என்றும் விதி உண்டு. ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவருக்கு இன்னொன்றை விற்பது குற்றம். பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கும்வரை, நோய் வந்துவிட்டது என்ற காரணத்துக்காகப் பாலிசியை ரத்து செய்யவும் முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆறு மாதம். 65 வயது நிறைந்து ‘பார்ட் பி’யில் சேர்ந்த மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால், எந்தக் கம்பெனியும் மறுக்க முடியாது. சர்க்கரை இருக்கிறதா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறதா என்று கேட்டு விலையை ஏற்ற முடியாது. ஆறு மாதம் முடிந்த மறுநாள் நிலைமை தலைகீழ். விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்விகள் வரிசையாக வரும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலும் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி கைவிரிக்கலாம். கம்பெனிக் காப்பீடு தானாக நின்றுபோவது போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும் 63 நாள் சலுகை உண்டு.

இந்த ஆறு மாதத்தை மக்கள் தவறவிடுவதற்குக் காரணம் அசட்டை என்று நான் நினைக்கவில்லை. அந்த வயதில் தபால்பெட்டி நிரம்பி வழிகிறது. அரசு நடத்தும் பழைய மெடிகேருக்குப் பதிலாக, மெடிகேர் அட்வான்டேஜ் என்ற தனியார் திட்டங்கள் பல் வைத்தியம், கண்ணாடி, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் இலவசம், பிரீமியமும் இல்லை என்று டிவியில் அழைக்கின்றன. மெடிகேரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்வரை அதில் குறை தெரியாது. புற்றுநோய் என்று வந்து, நினைத்த மருத்துவமனை நெட்வொர்க்கில் இல்லை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன் அனுமதி வேண்டும் என்றாகும்போது பழைய மெடிகேருக்குத் திரும்பப் பார்ப்பார்கள். திரும்பலாம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அதற்குத் துணையாக மெடிகேப் கிடைக்காமல் போகலாம். 65 வயதில் முதல்முறை அட்வான்டேஜில் சேர்ந்தவர் ஒரு வருடத்துக்குள் திரும்பினால் கதவு திறந்திருக்கும்.

மாநிலங்களின் குணம் வேறுபடுவது இங்கேதான். நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் வருடம் முழுக்க எந்த நாளும் மெடிகேப் வாங்கலாம். நோயைக் காட்டி மறுக்க முடியாது. நியூயார்க் 1992-ல் இதற்குச் சட்டம் போட்டது: வயது, உடல்நிலை எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விலை. மாசசூசெட்ஸும் மெய்னும் வருடத்துக்கு ஒருமுறையாவது கதவைத் திறக்கின்றன. எந்த நேரமும் சேரலாம் என்றால் நோய் வந்தபின் சேருவோரும் இருப்பார்கள். அந்தச் செலவை எல்லோரும் பகிர்வதால் அங்கே பிரீமியம் அதிகம். ஆரோக்கியமாக இருக்கும் 66 வயதுக்காரருக்கு அது அநியாயமாகத் தோன்றலாம். அவரும் ஒரு நாள் 80 வயதுக்காரர் ஆகப்போகிறவர்தானே என்பது என் பதில்.

கலிஃபோர்னியாவும் ஒரெகனும் வேறு வழி எடுத்தன: பிறந்தநாள் விதி. ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர் ஒவ்வொரு பிறந்தநாளையும் ஒட்டி, கலிஃபோர்னியாவில் 60 நாளுக்குள், அதே அளவு அல்லது குறைந்த பலன் உள்ள வேறு கம்பெனிப் பாலிசிக்கு உடல்நலக் கேள்வி இல்லாமல் மாறலாம். மிசௌரியில் பிறந்தநாளுக்குப் பதில் பாலிசி எடுத்த நாள். சின்ன விதிதான். ஆனால் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் கிளம்பிவிடுவார் என்ற பயம் கம்பெனிக்கு இருக்கிறது.

எந்த முறையில் விலை போடலாம் என்பதையும் மாநிலமே தீர்மானிக்கிறது. எல்லா வயதுக்கும் ஒரே விலை. சேர்ந்தபோது இருந்த வயதுக்கேற்ற விலை. ஒவ்வொரு வயதுக்கும் ஏறும் விலை என்று மூன்று முறை. மூன்றாவதில் ஆரம்ப விலை மலிவாகத் தெரியும். 80 வயதில், வருமானம் சுருங்கிய நேரத்தில், அதன் உண்மை விலை தெரியவரும். ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நம்மவர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. பிள்ளைகள் கிரீன் கார்டு எடுத்து அழைத்துக்கொண்ட பெற்றோர், 65 நிறைந்து, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்திருந்தால், வேலை செய்து வரி கட்டியிராவிட்டாலும் பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். அம்மா எழுபது வயதில் ‘பார்ட் பி’யில் சேர்ந்தால், அவருக்கான ஆறு மாதம் அன்றுதான் தொடங்கும். மகள் நியூயார்க்கில், மகன் டெக்சாஸில் என்றால், மகள் வீட்டில் இருக்கும்போது வாங்கிய பாலிசியை மகன் வீட்டுக்குப் போனாலும் பொதுவாகத் தொடரலாம். விட்டுவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. ஊருக்கு வந்து போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் நெஞ்சுவலி என்று சேர்த்தால் மெடிகேர் எதுவும் தராது. ஆனால் டி, ஜி, என் முதலான சில வகை மெடிகேப்பில், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் போக மீதியில் 80 சதவீதம், வாழ்நாளில் 50,000 டாலர் வரை கிடைக்கும். ஏஜென்ட்டுகள் பாரபட்சமாகச் சொல்வார்கள் என்ற சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு மாநிலத்திலும் எதையும் விற்காத இலவச ஆலோசனை மையம் உண்டு. ‘ஷிப்’ என்பது பொதுப்பெயர். அதுவும் 1990 சட்டத்தின் பிள்ளைதான்.

இனி அண்ணன் கதை. 1990-ல் நாடாளுமன்றம் அந்த ஆறு மாத உரிமையை எழுதும்போது ‘65 வயது நிறைந்தவர்’ என்று எழுதியது. 1972-லிருந்தே மெடிகேருக்குள் இருந்த, 65-க்குக் கீழ்ப்பட்ட உடல் ஊனமுற்றோரும் சிறுநீரக நோயாளிகளும் அந்த வாக்கியத்துக்கு வெளியே விழுந்தார்கள். அவர்களுக்கு மெடிகேப் விற்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களுடைய வைத்தியச் செலவு அதிகம் என்பதால் கம்பெனிகள் தாமாக முன்வருவதில்லை.

அந்த ஓட்டையை மாநிலங்கள் ஒவ்வொன்றாக அடைத்து வருகின்றன. 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் 65-க்குக் கீழ் இருப்பவர்களுக்கும் ஏதாவது ஒரு வகையாவது விற்றாக வேண்டும் என்கின்றன. ஆனால் ‘ஏதாவது ஒன்று’ என்பதற்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. டெக்சாஸ் பல ஆண்டுகளாக அவர்களுக்கு உறுதிசெய்தது ‘பிளான் ஏ’ ஒன்றைத்தான். அது இருபது சதவீதத்தை ஏற்கும். மருத்துவமனைச் செலவில் நோயாளியின் பொறுப்பான அந்த முதல் தொகையை ஏற்காது. வேறு சில மாநிலங்களில் பாலிசி உண்டு, விலைக்கு வரம்பு இல்லை. முதியவர் கட்டுவதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்டால் அது கொடுத்தும் கொடுக்காததுதான். கலிஃபோர்னியா ஊனமுற்றோரைச் சேர்த்துக்கொண்டபோது சிறுநீரகம் செயலிழந்தவர்களை மட்டும் விட்டுவிட்டது. எவருக்கு இருபது சதவீதம் வாரம் மூன்று தடவை விழுகிறதோ அவரையே விலக்கிய சட்டம் அது. இதற்குச் சொல்லப்படும் காரணம் செலவு. அதே செலவைப் பெருங்கூட்டத்தில் கரைத்துவிடலாம் என்று நியூயார்க் முப்பது ஆண்டுகளாக நடத்திக் காட்டியிருக்கிறது.

அண்ணன் இருக்கும் மாநிலத்தில் இன்னும் அந்தக் கட்டாயம் இல்லை. மிகவும் ஏழை என்றால், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் கைகொடுத்திருக்கும். மனைவியின் சம்பளம் அதற்கும் இடம் தரவில்லை. வீட்டை விற்றுவிட்டு நியூயார்க் பக்கம் போய்விடலாமா என்று இருவரும் கொஞ்ச நாள் யோசித்திருக்கிறார்கள். டயாலிசிஸ் மையம், டாக்டர், மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியல் எல்லாம் இங்கே இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

மெடிகேப் கிடைக்க மத்தியச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 65 வயதானதும் எல்லோருக்கும் கிடைக்கும் அந்த ஆறு மாதம் அவர்களுக்கும் புதிதாகக் கிடைக்கும். அப்போது அண்ணனை எந்தக் கம்பெனியும் மறுக்க முடியாது. ஃபைலை மூடி வைக்கும்போது அதன் உள் அட்டையைக் காட்டினார். அவருடைய 65-வது பிறந்தநாள் வரும் மாதத்தை எழுதி, அதன் கீழே மாதக் கணக்கைப் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்திருந்தார். இன்னும் முப்பத்தொரு கோடு பாக்கி இருந்தது.